கோசோங் எத்தனை வகை

பாயான் லெப்பாஸ், ஒன்பதாவது மாடி.
ஏர்கோன் பதினெட்டிலேயே நிற்கும், கூட்ட யாருக்கும் அதிகாரமில்லை.
பினாங்கு சாப்பிட்டதைப் பிரித்து அடுக்குவது என் வேலை.

ஆர்டர் உள்ளே வரும்போது தாபாவ் கட்டியதுபோல் வரும்:
பைக்குள் பொட்டலம், பொட்டலத்துக்குள் ரொட்டி,
ரொட்டிக்குள் முட்டை, வெங்காயம்,
ஓரத்தில் ரப்பர் பேண்டு போட்ட குழம்பு.
அவிழ்த்து,
ரொட்டிக்குள் போனதெல்லாம் ஒரு நெடுவரிசை,
குழம்பெல்லாம் ஒன்று, கதவு எண்ணெல்லாம் ஒன்று
என்று நிறுத்திவிடுவேன்.
பஞ்சிர், பஞ்சிர், பஞ்சிர் என்று நாலாயிரம் தடவை வந்தால்
ஒரு தடவை எழுதிப் பக்கத்தில் நாலாயிரம் போட்டால் முடிந்தது.

போன மாதம் எத்தனை முட்டை என்று வெய் சியாங் கேட்பான்.
ஒரே வரிசையைத் தொட்டு,
அவன் கோப்பியைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிடலாம்.
யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை.

பிரித்தவள் எது எதோடு இருந்தது என்பதை மறக்கக்கூடாது.
அதற்குத்தான் ஒவ்வொன்றின் தோளிலும் இரண்டு சின்ன எண்கள்.
முதல் எண், எங்கிருந்து மறுபடி தொடங்கினோம் என்று.
பூஜ்யம்: புது ஆள், புதுப் பை.
ஒன்று: அதே பை, அடுத்த ரொட்டி.
இரண்டு: அதே ரொட்டிக்குள் இன்னொன்று.

முட்டை, பூஜ்யம்.
வெங்காயம், இரண்டு.
பிறகு எழுத்தே இல்லாத ஓர் இடம், தோளில் ஒன்று:
அடுத்த ரொட்டி வந்துவிட்டது. அது கோசோங்.

இரண்டாவது எண்தான் எனக்குப் பிடித்தது.
இல்லாதது எவ்வளவு ஆழத்தில் இல்லை என்று அது சொல்லும்.
பை வந்தது, உள்ளே ரொட்டியே இல்லை: பூஜ்யம்.
ரொட்டி இருந்தது, உள்ளே எதுவும் வேண்டாம் என்றார்கள்: ஒன்று.
எதையோ கேட்டார்கள், எழுத விட்டுப்போனது: இரண்டு.
மேலே நின்று பார்த்தால் மூன்றும் ஒரே வெள்ளை.
கடையில் போய்ச் சொல்லிப் பாருங்கள்,
ரொட்டி கோசோங் என்றால் காசு வேண்டாமா என்று.

செவ்வாய்க்கிழமை காப்புறுதிக் கம்பெனியின் கடிதம்.
கவின்ராஜ், வயது இருபத்து நான்கு,
ஜெலுத்தோங் நெடுஞ்சாலை, இரவு, மழை,
வலது கால் இரண்டு இடத்தில்.
அவர்கள் கையில் இருந்தது ஓர் எக்செல் தாள்,
எங்கள் மாடியில்தான் யாரோ தட்டையாக்கி அனுப்பியது.
'இறக்கிய நேரம்' கட்டம் காலி.
காலி என்றால் வேலையில் இல்லை.
வேலையில் இல்லை என்றால் பணம் இல்லை.

எல்லாரும் போன பிறகு கோப்பைத் திறந்தேன்.
இந்த முறை ஒரு வரிசை போதாது.
ஒருவனை முழுதாகக் கேட்டால் அத்தனையும் திறக்க வேண்டும்;
எங்கள் ஏற்பாட்டில் தனி மனிதன்தான் அதிகச் செலவு.
எண்ணைப் பிடித்து எண்ணைப் பிடித்து இறங்கினேன்.
ஷிப்ட். அதற்குள் பயணம். பயணத்துக்குள் நிறுத்தம்.
முதல் நிறுத்தம், 10:31, கொடுத்தாயிற்று.
அடுத்தது, தோளில் இரண்டு, அதே பயணம்தான்.
நேரம் இல்லை.
எவ்வளவு ஆழத்தில் இல்லை?

ஹஃபிஸாவைப் போனில் எழுப்பி அவளையும் பார்க்கச் சொன்னேன்.
"டுவா," என்றாள், தூக்கக் குரலில். "டுவா லா, யோகவள்ளி."
நிறுத்தம் இருந்தது.
அவன் அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தான்.

பதிலில் எண்களை எழுதவில்லை.
உங்கள் தாள் வெள்ளையாக இருக்கும் இடத்தில்
ஓர் ஆர்டர் இருக்கிறது என்று மட்டும் எழுதி
மூலக் கோப்பை இணைத்தேன்.

அந்த ஆர்டர் இன்னும் திரையில் கூடி நின்றது:
சுங்கை பினாங்கு பிளாட், பதினோராம் மாடி,
ரொட்டி கோசோங் மூன்று, பருப்பு தனியாக,
மணி அடிக்க வேண்டாம், பிள்ளை தூங்குகிறது.

அவர்கள் பிறகு என்ன சாப்பிட்டார்களோ.
அதற்கு எங்களிடம் நெடுவரிசை இல்லை.